முறுக்கு மாவும் மரக்கூழும்

முறுக்கு பிழிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். மாவு இளகிப்போனால் பிழிந்த இடத்திலேயே படர்ந்துவிடும். இறுகிப்போனால் நாழியை அழுத்தியே கை ஓய்ந்துவிடும், இழையும் விண்டு விண்டு விழும். முப்பரிமாண அச்சில் ஜெல்லை மையாக வைத்துப் பிழிபவர்களுக்கும் இதே பாடுதான். ஊசிமுனைக்குள் தடையில்லாமல் ஓட வேண்டும், வெளியே வந்ததும் அசையாமல் நிற்க வேண்டும், மேலே விழும் அடுத்த இழையையும் தாங்க வேண்டும்.

இந்த இரட்டைக் குணம் மரக்கூழிலிருந்து கிடைக்கிறது. கூழை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய இடுக்குகள் வழியே திரும்பத் திரும்பச் செலுத்தினால், அதிலுள்ள செல்லுலோஸ் நார்கள் பிரிந்து நானோ இழைகளாகும். அகலத்தில் தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெலிந்தவை; அந்த அகலத்துக்கு நீளம் மிக அதிகம். அதனால் தண்ணீரில் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வலையாக நிற்கும். நூறு கிராம் ஜெல்லில் நார் இரண்டே கிராம்தான், மற்றதெல்லாம் தண்ணீர். ஆனாலும் கிண்ணத்தைச் சாய்த்தால் வழியாது. அழுத்திப் பிழியும்போது மட்டும் இழைகள் ஓட்டத்தின் திசைக்குத் திரும்பி வழிவிடும். அழுத்தம் நின்றதும் மறுபடி சிக்கு.

ஆனால் சிக்கு நிலையான பிணைப்பு அல்ல. முறுக்கை எண்ணெய் கெட்டியாக்குகிறது. இதை எது கெட்டியாக்கும்? ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் காடென்ஹோல்மின் குழு, 2015இல் வெளியிட்ட ஆய்வில், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைச் சேர்த்தது. அது தனியாக இருந்தால் பிழிந்ததும் பரவிவிடும். ஆனால் கால்சியம் உப்புக் கரைசல் பட்டதும் இறுகிக்கொள்ளும். அதுவரை வடிவத்தைப் பிடித்து வைப்பது நாரின் வேலை. மனிதக் குருத்தெலும்புச் செல்களைக் கலந்து அச்சிட்டபோது, ஏழாம் நாளில் 86 சதவீதச் செல்கள் உயிரோடிருந்தன. காது வடிவத்தையும் அச்சிட்டுக் காட்டினார்கள். 'காதையே செய்துவிட்டார்கள்' என்று தலைப்புப் போடக் கை துறுதுறுக்கும். வடிவம்தான் அது, யார் தலையிலும் பொருத்திய காது இல்லை.

இன்னொரு சங்கதி. செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை. கீரைநார் செரிக்காததும் இதனால்தான். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்போம். செல்கள் வளரத் தாங்கலாக உடலுக்குள் வைக்கும் இந்த நார்ச் சாரம் தானாகப் பிரியாது. காதுமடல்போல வடிவம் நிலைக்க வேண்டிய இடத்தில் அது வசதியாகக்கூட இருக்கலாம். புது எலும்பு வளர இடம்விட்டு விலக வேண்டிய இடத்தில் இடைஞ்சல்.