ஷ்ராப்னலின் குண்டு போனது, பெயர் நின்றது

போர்ச் செய்திகளில் 'ஷ்ராப்னல்' பட்டு இத்தனை பேர் காயம் என்று படிக்கிறோம். வெடித்த குண்டின் ஓடு உடைந்து தெறிக்கும் துண்டுகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் ஹென்றி ஷ்ராப்னல் செய்த குண்டில் ஓட்டுத் துண்டுகளுக்குப் பெரிய வேலை கிடையாது.

ஷ்ராப்னல் பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி. 1780களில் சொந்தக் காசைப் போட்டு ஆராய்ச்சியில் இறங்கினார். அந்நாளில் பீரங்கியிலிருந்து போகும் இரும்பு உருண்டை வெகுதூரம் பாயும். வழியில் அகப்பட்டவரை மட்டும் வீழ்த்தும். தகர டப்பாவில் ஈயக் குண்டுகளை அடைத்துச் சுட்டால் கூட்டத்தையே தாக்கலாம். ஆனால் டப்பா பீரங்கி வாயிலேயே பிரிந்துவிடும். சில நூறு கஜத்துக்கு மேல் பலனில்லை. இவர் அந்தக் குண்டுகளை உள்ளே பொள்ளலான இரும்புக் கோளத்தில் போட்டார். கூடவே கொஞ்சம் வெடிமருந்து, எரிந்து தீர நேரம் பிடிக்கும் ஒரு திரி.

அந்தக் 'கொஞ்சம்'தான் சூட்சுமம். மருந்தின் வேலை கோளத்தைத் திறந்துவிடுவதோடு சரி. கோளம் பறந்து வந்த வேகத்திலேயே குண்டுகள் முன்னோக்கிப் பாயும். நியூட்டனின் முதல் விதி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே எதிரிக்குச் சற்று முன்னால், தலைக்கு மேலே அது வெடித்தாக வேண்டும். திரி நீளமாகிவிட்டால் கோளம் மண்ணில் புதையும். குட்டையானால் குண்டுகள் வேகமிழந்து உதிரும். சில கோளங்கள் பீரங்கிக்குள்ளேயே வெடித்தன. குண்டுகள் மருந்தோடு உரசியதுதான் காரணம். பின்னாளில் பாக்ஸர் என்ற அதிகாரி இடையில் ஒரு தடுப்பு வைத்து அதைத் தீர்த்தார்.

1803இல் ராணுவம் ஷ்ராப்னலின் குண்டை ஏற்றது, மறு வருடமே சூரினாமில் சுட்டுப் பார்த்தது. 1814இல் ஷ்ராப்னலுக்கு ஆண்டுக்கு 1,200 பவுண்டு ஓய்வூதியம் தந்தது. அவர் பெயரைக் குண்டுக்கு முறைப்படி சூட்டியதோ 1852இல். மனிதர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது!

முதல் உலகப் போரில் பிரிட்டனின் 18 பவுண்டர் பீரங்கிக் குண்டு ஒன்றில் சுமார் 375 உருண்டைகள் இருந்தன. வெட்டவெளியில் நின்றவர்களுக்கு அது எமன். பதுங்கு குழிக்குள் இறங்கியவர்களிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்கவில்லை. மேலிருந்து விழுவதைத் தடுக்க 1915இல் அகல விளிம்பு இரும்புத் தொப்பி வந்தது. ஷ்ராப்னல் குண்டின் இடத்தை டி.என்.டி. போன்ற உக்கிர வெடிமருந்து அடைத்த குண்டுகள் பிடித்தன. இவற்றில் ஓடுதான் ஆயுதம். அது நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிய்ந்து, துப்பாக்கித் தோட்டாவை மிஞ்சும் வேகத்தில் எல்லாப் பக்கமும் சிதறும். கோணல்மாணல் வடிவத்தைக் காற்று இழுத்துப் பிடிப்பதால் அந்த வேகம் சீக்கிரம் தணியும். அருகில் இருப்பவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அடிபட்டவர்கள் பழக்கதோஷத்தில் இந்தத் துண்டுகளையும் ஷ்ராப்னல் என்றார்கள். பிரிட்டனில் பையில் குலுங்கும் சில்லறைக் காசுக்குக்கூட அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஈழப் போரில் இப்படித் தெறித்த 'செல் துண்டு' உடம்பிலேயே தங்கிவிட்டவர்கள் பலர். எல்லாவற்றையும் மருத்துவர்கள் தோண்டி எடுப்பதில்லை. எடுக்கப் போனால் சேதம் கூடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகும்போது மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். துண்டு எஃகு என்றால் காந்தம் அதை அசைத்து நரம்பையோ ரத்தக் குழாயையோ கிழித்துவிடலாம். ஈயத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் மூட்டுக்குள் சிக்கிய ஈயம் அங்குள்ள திரவத்தில் மெல்லக் கரைந்து, வருடங்கள் கழித்தும் ரத்தத்தில் நஞ்சாகக் கலக்கக்கூடும்.