சிறுகணினித் தொடர்பிற் பிழை காணும் முறை

நோயின் மூலத்தை ஆராயாது மருந்தளிக்கும் வைத்தியனாற் பயனில்லை. கருவிகளைக் கையாள்வோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும்.

கேம்பிரிட்ஜ் நகரத்து ராஸ்பெரி பை நிறுவனத்தார் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பை சீரோ’ என்னும் சிறுபலகை, லினக்ஸ் இயங்கும் முழுக் கணினியாகும். அன்று அதன் விலை 5 டொலர். அதற்கெனத் திரையும் விசைப்பலகையும் வாங்க இயலாத மாணாக்கனும், ஒரேயொரு யூ.எஸ்.பி. வடத்தால் அதற்கு மின்னூட்டி, அவ்வடத்தின் வழியே மற்றொரு கணினியிலிருந்து அதனை இயக்கலாம். அத்தொடர்பு கைகூடாதவிடத்துப் பலகையே பழுதென்று ஒதுக்கிவிடுவோர் உளர். நல்ல பலகை வீணாவதோடு மாணாக்கனின் ஊக்கமும் குன்றுகின்றது. ஆதலின் அடியிலிருந்து படிப்படியாக ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, வடம். யூ.எஸ்.பி. 2.0 வடத்தில் மின்னுக்கு இரண்டும் தரவுக்கு இரண்டுமாக நான்கு கம்பிகள் உள. மின்னூட்டலுக்கென்றே விற்கப்படும் சில வடங்களில் தரவுக் கம்பிகள் இல்லை. எனவே, பலகையில் விளக்கு எரிவது கொண்டு வடம் நன்றெனத் துணியலாகாது. பலகையில் ஒத்த தோற்றமுடைய வாயில்கள் இரண்டு உள. ஓரத்திலுள்ளது மின்னுக்கு மட்டுமே உரியது. மற்றையதிலேயே வடத்தைச் செருகுக.

இரண்டாவது, அமைப்பு. நினைவட்டையின் அமைவுக் கோப்பில் ‘டி.டபிள்யு.சி.2’ என்பதும், தொடக்கக் கட்டளைக் கோப்பில் அதனோடு ‘ஜி_ஈதர்’ என்பதும் சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். பின்னைய கோப்பு ஒரே வரியாய் அமைதல் இன்றியமையாதது.

மூன்றாவது, கணினி பலகையை அறிந்ததா என்பது. லினக்ஸ் கணினியில் ‘டிமெசேஜ்’ கட்டளை இதனைக் காட்டும். செய்தி யாதும் தோன்றாவிடின் முதலிரு படிகளுக்கு மீள்க. விண்டோஸ் கணினி சிலவேளை பலகையைப் பழைய ‘கொம்’ வாயில் எனப் பிறழக் கொள்ளும். அப்பொழுது இயக்கி மென்பொருளை மாற்றுதல் வேண்டும்.

நான்காவது, முகவரி. இருமுனைகளின் முகவரிகளும் ஒரே வலையமைப்பைச் சேர்ந்திருத்தல் வேண்டும். ‘பீகிள்போன்’ என்னும் வேறொரு பலகையில், பலகைக்கு 192.168.7.2 என்றும் கணினிக்கு 192.168.7.1 என்றும் வகுத்துள்ளனர். பை சீரோவிலும் இவ்வாறே நாம் அமைக்கலாம். ‘பிங்’ கட்டளைக்கு விடை வருமாயின் வழி திறந்ததென்க.

வழி திறந்தும் உட்புக இயலாவிடின், எஸ்.எஸ்.எச். சேவையை நோக்குக. ராஸ்பெரி பை இயங்குதளத்தில் 2016 முதல் அது மூடப்பட்டே வருகின்றது; 2022இல் பொதுப் பயனர்பெயரும் நீக்கப்பட்டது. நினைவட்டையை எழுதும்போதே இவ்விரண்டையும் அமைத்தல் நன்று.

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மாற்றியதை ஏட்டிற் குறிக்க. பலவற்றை ஒருங்கே மாற்றியவன் தொடர்பு கிட்டினும் காரணம் அறியான். காரணம் அறிந்த மாணாக்கனே நாளை தன் தோழனுக்கு வழிகாட்ட வல்லவனாவான்.