மலைச்சாலை அடைபட்டால் வீட்டில் என்ன இருக்க வேண்டும்?

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள், தூக்குச்சட்டியும் கையுமாக ஏறி உட்காருவார்கள். முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போவார்கள். மாலையில் திரும்புவார்கள்.

தாய் மலைமேல் இருக்கிறாள். பிள்ளைகள் கீழே பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். நடுவே ஒரு சாலை.

அந்தச் சாலை அடைபட்டால்?

நடக்காத காரியம் அல்ல. பலத்த மழையில் பாறைகள் உருண்டு, போடிமெட்டுச் சாலை பல தடவை அடைபட்டிருக்கிறது. கம்பம்மெட்டு வழியாகச் சுற்றி வரலாம். ஆனால் அது வெகுதூரம். அதற்கும் வண்டி கிடைக்க வேண்டும்.

குறுக்கு வழியில் வந்த துயரம்

2020-ம் ஆண்டு மார்ச் மாதம். கொரோனா பரவிய நேரம். எல்லையில் போக்குவரத்து நின்றது. மலைத்தோட்ட வேலைக்குப் போயிருந்த சிலர், காட்டுப்பாதையில் இறங்கி இராசிங்காபுரம் நோக்கி நடந்தார்கள். வழியில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. ஒரு சிறு குழந்தை உள்படச் சிலர் கருகி உயிரிழந்தார்கள்.

அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன், 2018 மார்ச் 11-ந் தேதி, குரங்கணி மலையில் காட்டுத்தீ பற்றியது. மலையேற்றத்துக்கு வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு யாருக்குத்தான் இருக்காது? ஆனால் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள், சோறும் தண்ணீரும் இருக்கிறது என்று தெரிந்தால், தாய் மேலேயே ஓரிரவு தங்குவாள். ஆபத்தான பாதையில் இறங்க மாட்டாள். ஆகவே வீட்டை ஆயத்தமாக வைப்பது, மலைமேல் இருப்பவரின் உயிரைக் காப்பது ஆகும்.

முதல் வேலை: பேசி வைப்பது

இதற்குக் காசு வேண்டாம். குடும்பத்தார் உட்கார்ந்து நாலு விஷயங்களை முடிவு செய்தால் போதும்.

1. சாலை அடைபட்டால் மேலே எங்கே தங்குவது? தோட்டத்து லயத்திலா, தெரிந்தவர் வீட்டிலா?

2. கீழே பிள்ளைகளை யார் பார்ப்பது? பாட்டியா, சித்தியா, பக்கத்து வீட்டு அக்காவா? அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

3. யாருக்குப் போன் செய்வது? மலையிலும் போடியிலும் லைன் கிடைக்காமல் போகலாம். தேனியிலோ மதுரையிலோ உள்ள ஓர் உறவினரை வைத்துக்கொள்வது நல்லது. இரு பக்கத்தாரும் அவருக்கே தகவல் சொல்ல வேண்டும்.

4. அந்த நம்பரைக் காகிதத்தில் எழுதிப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில் வைக்க வேண்டும். போன் அணைந்துவிட்டால் அதற்குள் இருக்கும் நம்பரும் கிடைக்காது!

இரண்டு மழை, ஒரு கோடை

மலையின் இரு பக்கமும் ஒரே மாதிரி அல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேலே கொட்டும். போடியில் காற்றும் சாரலும்தான். கீழே வெயில் அடிக்கிறதே என்று மேலே பெய்யும் மழையை மறந்துவிடக்கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது போடிப் பக்கத்துச் சரிவு நனையும். ஏலக்காய் பறிக்கும் காலமும் இந்த இரண்டு மழையிலும்தான் வருகிறது. மழை விட்ட பிறகு புல் காயும். கோடை வந்தால் காட்டுத்தீ பயம்.

எனவே வைகாசியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை அவசரப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

மூடியுள்ள ஒரு தகரப்பெட்டி போதும். 4 பேர் உள்ள வீட்டில் 3 நாளுக்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடிய அவல், பொரிகடலை, வெல்லம், கடலைமிட்டாய், சத்துமாவு. டார்ச் விளக்கு, பேட்டரி, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். கைக்குழந்தை இருந்தால் அதற்கு வேண்டிய துணி.

ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலாக வைக்க வேண்டும். கொஞ்சம் சில்லறைப் பணமும் வேண்டும்.

செலவு ஆகுமே என்று மலைக்க வேண்டாம். கூலி வாங்கும் நாளில் ஒவ்வொரு பொருளாகச் சேர்க்கலாம். பழையதைச் சாப்பிட்டுவிட்டுப் புதியதை வைத்தால் எதுவும் வீணாகாது. கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி இருந்தால், கடை அடைத்த நாளிலும் கீரைக்கும் காய்க்கும் கவலை இல்லை.

தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். 4 பேருக்கு 3 நாளைக்கு 48 லிட்டர். 12 லிட்டர் பிடிக்கும் குடமானால் 4 குடம்.

மழையில் கோட்டகுடி ஆறு கலங்கி வரும். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை தெளிய வைக்கும். ஆனால் கிருமியைக் கொல்லாது! துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறிய பிறகே குடிக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டால், சுத்தமான 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து போட்டுக் கரைத்து, அடிக்கடி கொடுக்க வேண்டும். உப்பு கூடிவிடக்கூடாது. வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மண் பேசும் மொழி

2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். மின்சாரமும் போனும் இல்லாததால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது.

சில இடங்களில் மண் சரியும் முன் அறிகுறி காட்டும். தரையிலும் சுவரிலும் புது விரிசல் விடும். இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும். மரமும் கம்பமும் சாயும். கதவு சட்டென்று இறுகும். ஓடை நீர் திடீரென்று சேறாகும் அல்லது குறைந்துபோகும். மேலே இருந்து உறுமல் கேட்கும்.

இதில் ஒன்றைக் கண்டாலும் சாமானை எடுக்க நிற்கக்கூடாது. ஓடையையும் சரிவையும் விட்டுப் பக்கவாட்டில் விலகி, மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும். இரவில்தான் ஆபத்து அதிகம். பெருமழை நாளில் பொழுது இருக்கும்போதே இடம் மாறுவது புத்திசாலித்தனம்.

காட்டுத்தீ வந்தால்?

தீ, மேட்டை நோக்கி வேகமாக ஏறும். தீக்கு மேலே சரிவில் ஓடுவது ஆபத்து. புல் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து ஆறிய இடம் ஆகியவை பாதுகாப்பானவை. நைலான் உடை உருகி ஒட்டும். பருத்தி உடையே நல்லது. சேலையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும்.

தீப்புண்ணில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். மையோ பற்பசையோ தடவக்கூடாது. காட்டோரத்து வீடுகளைச் சுற்றி 30 அடிக்குக் காய்ந்த புல்லையும் சருகையும் அகற்றுவது அவசியம்.

மறக்கக்கூடாத நம்பர்கள்

அவசர உதவிக்கு 112. ஆம்புலன்சுக்கு 108. தீயணைப்புக்கு 101. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இவற்றைக் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். எழுதும் வேலையை வீட்டிலுள்ள பிள்ளையிடம் கொடுத்தால், அதற்கு மனப்பாடமும் ஆகிவிடும்.

மழை எப்போது வரும் என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. பேசி வைப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அது இன்றாகவே இருக்கட்டும்!