இலைத்தண்ணீர் எட்டாத இடம்

கல்முனைக்குடியில் பிள்ளை பிறந்த வீட்டை மணத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். கொல்லைப்புற அடுப்பில் பெரிய பானை கொதிக்கும். வேலியோரம் ஒடித்த வேப்பிலை, நொச்சி, பாவட்டை, ஆடாதோடை எல்லாம் அதற்குள் சுருண்டு கிடக்கும். தண்ணீர் பழுப்பேறி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், மூத்தம்மா கிண்ணத்தால் அள்ளிப் பிள்ளைத்தாய்ச்சியின் முதுகில் ஊற்றுவார். நாற்பது நாளும் காயம், சரக்குக் கறி, இந்த இலைக் குளிப்பு. "நல்லா ஊத்திக் கழுவு மகள், உள்ளுக்க இருக்கிற ஊத்தையெல்லாம் போகட்டும்" என்பது அந்தக் கொல்லையின் பழைய பேச்சு.

முதுகு வலிக்கும் அலுப்புக்கும் அந்தச் சுடுதண்ணீர் தரும் இதத்தை யாரும் மறுக்க வேண்டியதில்லை. சிக்கல் 'உள்ளுக்க' என்ற சொல்லில்தான் இருக்கிறது. நாற்பது நாள் கழிந்த பிறகும், மாதவிடாய் முடிந்ததும், வெள்ளைப்பட்டாலும், உப்புத்தண்ணீர், எலுமிச்சை, வினாகிரி, சவர்க்காரம், கிருமிநாசினி என்று ஏதாவது ஒன்றால் பிறப்புறுப்பின் உட்புறத்தையும் கழுவும் வழக்கம் உலகெங்கும் பெண்களிடம் உண்டு. கரீபியன் நாடான ஹெய்ட்டியின் பெண்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'துவாலெத் தெபா', அதாவது கீழ்ப்பக்கக் கழுவல். அங்கும் இலை கொதிக்கும். அங்கும் தாய்தான் மகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அமெரிக்காவின் மயாமி நகரில் 'லிட்டில் ஹெய்ட்டி' என்ற குடியிருப்பில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் பற்றி ஆராயப் போனவர்கள் இந்த வழக்கத்தைக் கவனிக்காமல் நகர முடியவில்லை. நோயைத் தடுக்கும் காவலாகவே பல பெண்கள் அதை நம்பியிருந்தார்கள்.

கழுவினால் இந்தப் புற்றுநோய் வராதா?

உள்ளே ஒரு தயிர்ச்சட்டி

1892இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன், பெண்ணின் பிறப்புப் பாதையில் வாழும் கோல் வடிவக் கிருமிகளை விவரித்தார். அவை பால் புளிக்கச் செய்யும் லாக்டோபசிலஸ் குடும்பத்தவை; நம் ஊர் எருமைத் தயிரை உறைய வைப்பவற்றின் நெருங்கிய உறவுகள். பாதையின் சுவரிலுள்ள மாச்சத்து அவற்றுக்கு இரையாக, லாக்டிக் அமிலம் விளைகிறது. இதனால் அவ்விடத்தின் பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை நிற்கிறது. அது தயிரின் புளிப்பை ஒத்தது. நோய் செய்யும் கிருமிகள் பலவற்றுக்கு அந்தப் புளிப்பில் பிழைப்பில்லை.

அப்படியானால் அங்கே 'ஊத்தை' என்று எதுவும் சேர்ந்து கிடக்கவில்லை. நிறமற்றோ வெண்மையாகவோ மெல்லக் கசிவது, அந்தப் பாதை தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும் வேலை. சவர்க்காரத்தையோ கிருமிநாசினியையோ உள்ளே செலுத்தினால் முதலில் அழிவது இந்தத் தயிர்க் கூட்டம்தான். காலியான இடத்தில் வேறு கிருமிகள் குடியேறும். சாம்பல் நிறக் கசிவும் மீன் வாடையும் வரும். வாடை வந்ததும் பெண் இன்னும் அழுத்திக் கழுவுவாள். கழுவக் கழுவ வாடை கூடும். அவளோ தன் சுத்தம்தான் போதவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த இடத்தில் மார்க்கமும் மருத்துவமும் ஒரே கோட்டில் நிற்பதைச் சொல்ல வேண்டும். கடமையான குளிப்பில் பெண் எதுவரை கழுவ வேண்டும் என்று ஷாஃபி மத்ஹபின் சட்ட நூல்கள் பேசுகின்றன. குந்தியிருக்கும்போது வெளியே தெரியும் பகுதி வரைதான் தண்ணீர் பட வேண்டும். அதற்கும் உள்ளே கழுவுவது கடமையில்லை. இன்றைய மகப்பேற்று வைத்தியரும் அதையேதான் சொல்வார்: வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும், உட்புறத்தைச் சும்மா விடுங்கள்.

சவர்க்காரத்துக்கு மசியாத வைரஸ்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அநேகமாக எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு 1983இல் அதன் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் இந்தப் புற்றுநோய்த் திசுக்களில் கண்டறிந்தது. அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு நோய்களுக்குக் காரணம்.

கொரோனாக் காலத்தில் சவர்க்காரம் ஏன் வேலை செய்தது என்று நாம் படித்தோம். அந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்புறை இருந்தது. சவர்க்காரம் அதைக் கரைத்தது. எச்.பி.வி.க்கு அந்த உறையே கிடையாது. மேலும் அது மேற்பரப்பில் தூசி போலத் தங்கியிருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகத் தோலின் அடியடுக்குச் செல்லுக்குள் புகுந்து அங்கே குடியிருக்கிறது. எந்த இலைத்தண்ணீரும் அங்கே எட்டாது. காரமான திரவங்கள் அந்தச் சுவரை எரித்து இன்னும் கீறல்களை உண்டாக்கலாம். அடிக்கடி உட்கழுவும் பெண்களிடமும், தயிர்க் கூட்டம் குலைந்த பெண்களிடமும் இந்த வைரஸ் கூடுதலாகக் காணப்பட்டதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. எது முதலில், எது பின்னால் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கழுவியதால் நோய் வராமல் போனது என்று சொல்வதற்கோ இடமேயில்லை.

தொற்றியவர்களில் பெரும்பாலானோரின் உடம்பே ஓரிரு ஆண்டுகளில் வைரஸை விரட்டிவிடும். விரட்டப்படாமல் தங்கிவிட்ட சிலரிடம், செல்லின் இரண்டு காவல் புரதங்களை அது முடக்குகிறது. பிறகு செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கும். புற்றாக முற்ற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டு ஆகும். அந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு.

"நம்மட ஆக்களுக்கு இது வராது" என்ற பேச்சும் ஊரில் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஐந்து நாடுகளின் தம்பதியரை வைத்து 2002இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், சுன்னத் செய்யாத ஆண்களில் 19.6 சதவீதத்தினரிடமும் செய்தவர்களில் 5.5 சதவீதத்தினரிடமும் இந்த வைரஸ் இருந்தது. குறைவுதான், ஆனாலும் இருக்கிறது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு என்றோ ஒரு காலத்தில் தொற்றியிருந்தாலே போதும். ஆகவே நோயை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் எடை போட முடியாது.

வினாகிரியின் இன்னொரு வேலை

கழுவுவதற்குப் பயன்படாத வினாகிரிக்கு இந்தக் கதையில் வேறொரு நல்ல வேலை உண்டு. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், 30 முதல் 59 வயது வரையான கிராமத்துப் பெண்களுக்குத் தாதியர் ஒரு சோதனை செய்தார்கள். வினாகிரியில் இருக்கும் அதே அசற்றிக் அமிலத்தை 4 சதவீதக் கரைசலாக்கிப் பஞ்சில் நனைத்துக் கருப்பைக் கழுத்தில் ஒற்றுவார்கள். ஒரு நிமிடம் பொறுப்பார்கள். மாறத் தொடங்கிய இடம் இருந்தால் வெள்ளையாகத் திட்டுப்படும். அந்தத் திட்டுக்கு அப்போதே உறைகுளிர் வைத்தியம். ஒரே ஒரு முறை செய்த இந்தச் சோதனை, இந்தப் புற்றுநோயால் வரும் மரணத்தை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பெரிய ஆய்வுகூடமோ விலை கூடிய இயந்திரமோ அங்கே தேவைப்படவில்லை. தேவைப்பட்டது கண்ணால் பார்த்துவிடுவது.

இலங்கையில் அந்தப் பார்வைக்கு 1996 முதல் 'வெல் வுமன் கிளினிக்' இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடப்பது. 35 வயதானவர்களுக்கு அங்கே இலவசமாகப் பாப் சோதனை. வாத்தின் அலகு போன்ற கருவியால் பாதையை மெல்ல விரித்து, ஐஸ்கிறீம் குச்சி அளவான ஒன்றால் கருப்பைக் கழுத்தைச் சுற்றி ஒருமுறை வழித்து, கண்ணாடித் துண்டில் தடவுவார்கள். ஐந்து நிமிட வேலை. திரைச்சீலை உண்டு, பெண் ஊழியரே செய்யும்படி கேட்கலாம். மாதவிடாய் நாளிலும் நோன்பு பிடித்திருக்கும் நாளிலும் போகாமல் இடையில் ஒரு நாளைத் தெரிந்துகொண்டால் சரி. போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து உட்கழுவல் கூடாது. பார்க்க வேண்டிய செல்களையே அது அடித்துக்கொண்டு போய்விடும்.

கிளினிக்குக்குப் போகக் கூச்சப்படுவோருக்கு மயாமி ஒரு வழி காட்டியது. ஹெய்ட்டிப் பெண்களையே சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்றி, வீடு வீடாக அனுப்பினார்கள். பஞ்சுக் குச்சியால் பெண்ணே தன் மாதிரியைத் தனியறையில் எடுத்துக் கொடுத்தாள். தானாக எடுக்கும் மாதிரியையும் எச்.பி.வி. சோதனைக்கு ஏற்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைக்கிறது.

தரம் 6இல் ஓர் ஊசி

2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது; ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்று அது தொடங்கியது. ஊசிக்குள் இருப்பது வைரஸின் வெற்றுக் கூடு மட்டும். மரபுப்பொருள் இல்லாத அந்தக் கூட்டால் நோயையும் உண்டாக்க முடியாது, கர்ப்பப்பையையும் எதுவும் செய்ய முடியாது.

பிள்ளைப்பேறு நின்றுவிடும் என்ற வதந்தியின் விலை அம்பாறை மாவட்டத்துக்குத் தெரியும். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கறியில் மலட்டு மாத்திரை இருந்ததாகக் கதை கட்டிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பின்னர் அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாவுக்கட்டி. மாவுக்கட்டி மாத்திரையான கதையால் அடிபட்ட நாம், தடுப்பூசி மாத்திரையான கதையை நம் வீட்டுக்குள் விடலாமா? 12, 13 வயதில் இந்த ஊசி போட்ட ஸ்கொட்லாந்துப் பெண்களைப் பின்தொடர்ந்து 2024இல் வெளியான ஆய்வில், அவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வந்திருக்கவில்லை.

எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத் தாய் அதே வளவில் ஒதுங்கிக்கொள்வாள். மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே கிணற்றடியில் குளிப்பார்கள். இலைப் பானையின் பக்குவம் இறங்கி வந்த வழி அதுதான். பேத்தியின் ஊசி அட்டையும் மகளின் சோதனைத் திகதியும் அதே வழியில் இறங்கலாம்.

மேல்நோக்கியும் ஒரு செய்தி போக வேண்டியிருக்கிறது. மாதவிடாய் நின்று பத்து வருசம் கழித்து, ஒரு நாள் துணியில் ஒரு துளி இரத்தம். மூத்தம்மா யாரிடமும் சொல்லாமல் துணியை அலசிப் போட்டுவிட்டு, இலைத்தண்ணீர் வைத்துக் குளித்துவிடுவார். அலசுவதற்கு முன் அந்தத் துணியை அவர் மகளிடம் காட்ட வேண்டும். அன்றைக்கு மட்டும் பானை காத்திருக்கட்டும். வைத்தியசாலைக்குத்தான் முதலில் போக வேண்டும்.