வாடைக் காலத்தில் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறீர்களா?

ஐப்பசி பிறந்துவிட்டால் விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசல்காட்டில் விதைத்தவர்கள் மழை எப்போது இறங்கும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதே வானத்தை வேம்பார், தருவைக்குளம், திரேஸ்புரம், புன்னக்காயல், மணப்பாடு கரையில் இருப்பவர்கள் பயத்தோடு பார்ப்பார்கள். உங்களுக்கு மழை கொண்டுவரும் வாடைதான் அவர்களுடைய வல்லத்தைக் கவிழ்ப்பதும். காட்டு வேலையோடு கடல் வேலையும் பார்க்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் உண்டு என்பதால் இந்த முறை படகைப் பற்றிப் பேசலாம்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே கடல் அமைதியாகக் கிடக்கும் பங்குனி, சித்திரையில்தான் பெரும்பாலும் படகு இறக்கினார்கள். அன்றாடம் மீன் பிடித்துச் சாப்பிடுகிறவரால் அப்படிக் காத்திருக்க முடியாது. அதனால் எந்த நாளில் போகக்கூடாது என்று தெரிந்திருப்பது அவசியம்.

2017-இல் வந்த ஒக்கி புயலை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தெற்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. இடையில் ஒரே ஒரு நாள்தான். பல நாள் தங்கலுக்கு முன்பே போயிருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. செல்போன் சிக்னல் கரையிலிருந்து சில மைல்களிலேயே நின்றுவிடும். ஆகவே எச்சரிக்கையைக் கரையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

கேட்டால் போதாது, சரியாகப் புரிந்துகொள்ளவும் வேண்டும். துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றினால், "ஒண்ணுதானே, போகலாம்" என்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் துறைமுகத்துக்கானது. தொலைவில் கடலில் மோசமான வானிலை உருவாகிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை என்பதுதான் அதன் பொருள். நீங்கள் போவதோ அந்தக் கடலுக்கு. 3-ஆம் எண் ஏறினால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரக்கூடும் என்று அர்த்தம்.

வானொலியில் "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர்" என்று சொல்வார்கள். அந்த "இடையிடையே" என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. வேகம் கூடக்கூட காற்றின் விசை அதைவிட வேகமாகக் கூடும். 65 கிலோமீட்டர் காற்று, 45 கிலோமீட்டர் காற்றைப்போல இருமடங்கு விசையோடு படகைத் தள்ளும்.

இறங்குவதற்கு முன், எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டிலும் கரையில் ஒருவரிடமும் சொல்லுங்கள். தேடுகிறவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரிய அது ஒன்றுதான் வழி. வலையையும் ஐஸ் பெட்டியையும் ஒரே பக்கம் குவிக்காதீர்கள். தண்ணீர் இறைக்கும் வாளியைக் கயிற்றால் படகோடு கட்டிவையுங்கள். மிதவை அங்கி புழுக்கமாக இருக்கும், வலை இழுக்க இடைஞ்சல் என்று பலரும் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்கள். கவிழும் படகில் அதைத் தேடி எடுத்து மாட்ட நேரம் கிடைக்காது. முழுநேரமும் போட முடியாவிட்டாலும், தாமிரபரணி முகத்துவாரம் போல மணல்திட்டில் அலை உடையும் இடங்களைக் கடக்கும்போதாவது கட்டாயம் போடுங்கள்.

இன்ஜின் நின்றுவிட்டால் படகு தானாகவே அலைக்குக் குறுக்கே திரும்பும். பெரும்பாலும் கவிழ்வது அப்போதுதான். நங்கூரம் எட்டாத ஆழம் என்றால், சுருட்டிக் கட்டிய வலையையோ வாளியையோ நீளமான கயிற்றில் முன்பக்கத்திலிருந்து தண்ணீரில் விடுங்கள். அது இழுத்துப் பிடிப்பதால் படகின் முகம் அலையை நோக்கியே நிற்கும்.

கவிழ்ந்துவிட்டால்? கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் நீந்திப் போக வேண்டாம். படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள், முடிந்தால் அதன் மேல் ஏறிவிடுங்கள். தேடி வருபவர்கள் கண்ணில் ஆளைவிடப் படகுதான் முதலில் படும். நம் கடல் வெதுவெதுப்பானது, குளிரில் யாரும் சாகமாட்டார்கள் என்று நினைக்கிறோம். உடம்பின் சூடு 37 டிகிரி. கடல்நீர் அதைவிடப் பத்து டிகிரி குறைவாக இருந்தாலே போதும், காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை நீர் இழுத்துவிடும். மணிக்கணக்கில் கிடந்தால் கை மரத்துப் பிடி நழுவும், புத்தி தடுமாறும். நீந்தினால் சூடு இன்னும் சீக்கிரம் போய்விடும். சட்டையைக் கழற்றாதீர்கள். மிதவை அங்கி இருந்தால் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொள்ளுங்கள். பலர் இருந்தால் ஒருவரை ஒருவர் ஒட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு தாகம் எடுத்தாலும் கடல்நீர் குடிக்கக் கூடாது. சங்கு குளிப்பவர்கள் ஏற்கெனவே நீரில் கிடந்து சூடு இழந்திருப்பார்கள் என்பதால் அவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

கரை சேர்த்த ஆளை உட்கார வைக்காமல் படுக்க வையுங்கள். ஈரத் துணியை மாற்றிப் போர்வையால் சுற்றுங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம். நினைவு தெளிவாக இருந்தால் சீனி போட்ட சூடான டீ கொடுக்கலாம். "உடம்பு சூடாகட்டும்" என்று சாராயம் கொடுப்பது தவறு, அது உள்சூட்டை வெளியே விட்டுவிடும். நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சொன்ன நேரத்தில் படகு திரும்பாவிட்டால் இருட்டும்வரை காத்திருக்காமல் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்ற எண்களில் சொல்லுங்கள். இரண்டையும் வீட்டுப் பெண்களின் செல்போனிலும் பதிந்து வையுங்கள். படகில் விஎச்எப் கருவி இருந்தால் அபாய அழைப்புக்கு 16-ஆம் சேனல்.