மின்சாரம் பாயாத அடுக்கின் வேலை

ஜொகூரில் தரவு மையங்கள் பெருகப் பெருக மின்சாரத்தைப் பற்றிய பேச்சும் பெருகியிருக்கிறது. கூலாய், செடெனாக் பக்கம் எழும் கட்டடங்களுக்கு இரவு பகலாக மின்சாரம் வேண்டும். செம்புக் கம்பியில் போகும் மின்சாரத்தில் ஒரு பகுதி வழியிலேயே வெப்பமாகிவிடும். கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களும் உண்டு. அவைதாம் மீக்கடத்திகள்.

1986-இல் சூரிக் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பெட்நோர்ட்ஸும் மியூல்லரும் செம்பு ஆக்சைடு பீங்கான் ஒன்றில் மீக்கடத்தலைக் கண்டார்கள். மறு ஆண்டே நோபெல் பரிசு. அதே 1987-இல் வந்த யிட்ரியம்–பேரியம்–செம்பு ஆக்சைடு, சுமார் 92 கெல்வினிலேயே மீக்கடத்தியானது. திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிக்கும். ஆகவே அதை ஊற்றிக் குளிர்வித்தாலே போதும். விலையேறிய திரவ ஹீலியம் வேண்டாம்.

இந்தப் பீங்கானின் உள்ளமைப்பு நம்மூர் குவே லாப்பிஸ் பலகாரம் போல அடுக்கடுக்கானது. செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த தளங்களில் மின்சாரம் பாயும். இடையிலுள்ள மற்ற அடுக்குகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திறன் இல்லை. ஆனால் அவை இல்லாமல் மீக்கடத்தலும் இல்லை.

காரணம் இதுதான். செம்புத் தளத்தில் ஒவ்வொரு செம்பு அணுவிடத்திலும் ஓர் எலெக்ட்ரான் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றையொன்று விலக்குவதால் எதுவும் நகர முடிவதில்லை. பொருள் மின்காப்பியாகக் கிடக்கிறது. சில எலெக்ட்ரான்களை வெளியே இழுத்தால் காலி இடங்கள், அதாவது துளைகள், உண்டாகின்றன. நூறு செம்பு அணுக்களுக்கு ஏறத்தாழ பதினாறு துளைகள் இருக்கும்போது மீக்கடத்தும் வெப்பநிலை உச்சத்தைத் தொடுகிறது. குறைந்தாலும் கூடினாலும் அது இறங்கும்.

எலெக்ட்ரான்களை இழுத்து வைத்துக்கொள்வது பக்கத்து அடுக்கு. யிட்ரியம் பீங்கானை ஆக்சிஜனில் சூடேற்றி மெல்ல ஆறவிடும்போது, அந்த அடுக்கில் ஆக்சிஜன் ஏறுகிறது. தனித்தனியே வந்து அமரும் ஆக்சிஜன், அதே அடுக்கில் தன் அருகிலுள்ள செம்பிடமே எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். தளத்துக்குப் பயன் இல்லை. வரிசை கட்டிச் சங்கிலியானால்தான் தளத்திலிருந்து இழுக்கத் தொடங்கும். ஆக்சிஜன் ஏற ஏற மீக்கடத்தும் வெப்பநிலை சீராக உயராமல், 60 கெல்வினருகே தங்கி நின்று பிறகு 90-க்குத் தாவுவதற்கு இந்தச் சங்கிலி வரிசை ஒரு முக்கியக் காரணம்.

மலேசியாவில் இதற்கு எதிர்ப்பக்கச் சிக்கலையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ரொஸ்லான் அப்த் ஷுக்கோர் குழுவினர் தாலியம் சேர்ந்த மீக்கடத்திகளைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். தாலியம்–ஸ்ட்ரான்சியம் வகையில் துளைகள் தேவைக்கு மேல் இருக்கின்றன. அதிலுள்ள கால்சியம் இரண்டு எலெக்ட்ரான் தரும். அந்த இடத்தில் மூன்று தரும் அருமண் தனிமத்தைச் சிறிது சேர்த்தால், மிகுதியாகும் எலெக்ட்ரான் துளையை நிரப்பும். மீக்கடத்தும் வெப்பநிலை ஏறும்.

அடுக்குகள் மின்னூட்டத்தை மட்டும்தான் தருகின்றனவா, மீக்கடத்தலையே உண்டாக்குகின்றனவா? 1987-இல் பிலிப் ஆண்டர்சனும் தமிழரான கணபதி பாஸ்கரனும் தளத்துக்குள்ளேயே எலெக்ட்ரான்கள் இணை சேர்கின்றன என்ற கோட்பாட்டை வளர்த்தார்கள். பாஸ்கரன் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றியவர். ஆண்டர்சனோ பிறகு, இணைகள் தளம் விட்டுத் தளம் தாவுவதே மீக்கடத்தலுக்கு வலுவூட்டுகிறது என்றார். அது சரியென்றால் ஒற்றைத் தளத் தாலியம் படிகத்தில், தளங்களுக்கிடையே காந்தப்புலம் ஒரு மைக்ரோமீட்டர் அளவே பரவவேண்டும். 1998-இல் கேத்ரின் மோலர், ஜான் கர்ட்லி குழுவினர் அளந்தபோது அது சுமார் இருபது மைக்ரோமீட்டர் பரவியிருந்தது. இவ்வளவு தூரம் பரவுவதன் பொருள், தாவல் அவ்வளவு பலவீனம் என்பதே.

ஆக, இடையடுக்கு கொடுப்பதும் வாங்குவதும் மின்னூட்டத்தை. மின்னோட்டத்துக்கான பாதை பெரும்பாலும் தளத்தோடு நின்றுவிடுகிறது. இதனாலும் மீக்கடத்தி வடம் செய்வது செம்புக் கம்பி இழுப்பதுபோல எளிதாக இல்லை. படிகங்கள் கண்டபடி திரும்பிக் கிடந்தால் அவற்றின் எல்லைகளில் ஓட்டம் சரிந்துவிடும். எனவே உலோக நாடாவின்மேல், எல்லாத் தளங்களும் ஒரே திசையில் படியும்படி மைக்ரோமீட்டர் தடிமனில் பீங்கானை வளர்க்கிறார்கள். மீக்கடத்தி வடத்துக்கு நாம் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு, அந்த ஒழுங்குக்குக் கொடுக்கும் விலை.