வாரண்டு வந்தால் ஓட வேண்டாம்

திருட்டுப் பழி யார் மீதும் விழலாம். வேலை செய்த வீட்டில் நகையைக் காணோம் என்பார்கள். கட்டடம் கட்டும் இடத்தில் கம்பி குறையும். முதல் சந்தேகம் கூலியாள் மீதுதான். வழக்கும் வரும். வாரண்டும் வரும்.

வாரண்டு என்றால் என்ன? இன்னாரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்து என்று மாஜிஸ்திரேட் எழுதிக் கொடுக்கும் கட்டளை. பிடியாணை என்றும் சொல்வார்கள். அதில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார்.

பலருக்கு வாரண்டு வருவது வாய்தாவுக்குப் போகாததால்தான். ஜாமீனில் வெளியே வருகிறார்கள். பிழைப்புக்காக வேறு மாநிலம் போகிறார்கள். வழக்கு தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். வழக்கோ அங்கேயே இருக்கிறது. பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லை. உடனே வாரண்டு.

போலீசார் வாரண்டோடு வந்தால், "ஐயா, வாரண்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்டால் காட்ட வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டமும் இதைச் சொல்கிறது. எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். நீதிமன்ற முத்திரை இருக்கிறதா? கையெழுத்து இருக்கிறதா? உங்கள் பெயர், தகப்பனார் பெயர், ஊர் சரியா? ஒரே ஊரில் நாலு முருகன் இருப்பார்கள். தகப்பனார் பெயர் வேறாக இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாத மொழியில் இருந்தால் படித்துச் சொல்லக் கேளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். சில வாரண்டில், இத்தனை பேர் இவ்வளவு தொகைக்கு ஜாமீன் நின்றால் விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கும். அப்படி இருந்தால் போலீசாரே ஜாமீன் பெற்றுக்கொண்டு விட வேண்டும். அப்படி எழுதவில்லை என்றால் நீதிமன்றத்தில்தான் ஜாமீன் கேட்க வேண்டும்.

கொஞ்ச நாள் ஒளிந்திருந்தால் வாரண்டு காலாவதி ஆகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, அல்லது ஆளைப் பிடிக்கும் வரை அது உயிரோடு இருக்கும். தலைமறைவு என்று அறிவித்து, உங்கள் சொத்தையும் முடக்கலாம். உங்கள் பேரில் வாரண்டு இருப்பது தெரிந்தால், வக்கீலோடு நீங்களே அந்த நீதிமன்றத்துக்குப் போங்கள். வாரண்டை ரத்து செய்ய மனு கொடுக்கலாம். உடம்பு சரியில்லாமல் வாய்தா தவறியதா? ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுபோங்கள்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு விடியும் வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது. மிக அவசரம் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் கேட்டு முன்பே அனுமதி பெற்று, பெண் போலீஸ் அதிகாரிதான் செய்ய வேண்டும். அடித்தார்களா? மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "கைநாட்டு வச்சா பரவாயில்லையா?" என்று எங்கள் வகுப்பில் ஓர் அக்கா கேட்டார். கைநாட்டும் கையெழுத்துதான் அக்கா. அதையும் வைக்க வேண்டாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? காவலில் இருக்கும் யாருக்கும் அரசு இலவசமாக வக்கீல் தர வேண்டும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் எப்போதும் உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.